கழற்றிப் பூட்டிய என்ஜினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யுமுன் ஒயில் ஏற்றுவது எப்படி?

பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே.

என் தகப்பனார் காலத்து ரொயோட்டா கொறோலா காரின் 4கே என்ஜினை முழுமையாகக் கழற்றிச் செய்து முடித்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை ஏறிய விதத்தைப் பார்த்தபோது, வேறொன்றைத் தேடி அலைவதை விட இருப்பதையே செம்மையாகச் செய்துகொள்வது நல்லது என்று வீட்டில் முடிவெடுத்தோம். வவுனியாவில் உள்ள லேத் ஒன்றில் சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து (போர் அடித்து), பிஸ்ரன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கைக் கடைந்து எடுத்து, புதிய பிஸ்ரன், றிங், கிராங்கைத் தாங்கும் மெயின் பியறிங், பிஸ்ரன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பிக்-என்ட் பியறிங் எல்லாம் போட்டாயிற்று. வால்வுகளை இயக்கும் காம் சாஃப்டும், அதன் மேல் அமரும் டப்பெற்றுகளும் தேய்மானம் இல்லாமல் இருந்தபடியால், பழையவற்றையே அவை இருந்த அதே இடங்களில் திரும்பவும் பூட்டினோம். ஒயில் பம்பு புதியது.

என்ஜினைப் பூட்டி முடித்தது மாரி மழை தொடங்குவதற்கு முன்னர். அதன் பிறகு ரேடியேற்றர் வேலை இழுபட்டது, கிளட்ச் பிளேட் கிடைக்கச் சுணங்கியது. இப்போது பங்குனியும் வந்துவிட்டது, கார் இன்னும் கொட்டிலுக்குள்தான் நிற்கிறது. பூட்டும்போது பியறிங்குகளில் தடவிய ஒயில் இத்தனை மாதங்களில் வடிந்து அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கியிருக்குமே என்பதுதான் என் கவலை.

பூட்டித் தந்த மெக்கானிக் நல்ல அனுபவமுள்ளவர். "ஒயிலை ஊத்திப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ, பம்பு தானா இழுக்கும்" என்கிறார். ஆனால் எங்கள் பகுதியில் ஒருவருடைய வான் வண்டியின் என்ஜின், கராஜில் செய்து முடித்த அன்றே இயக்கப்பட்டு, ஒயில் விளக்கு அணையாத நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடப்பட்டது. பின்னர் அதைக் கழற்றியபோது நான் அருகில் நின்று பார்த்தேன். புதிய பிக்-என்ட் பியறிங்கின் சாம்பல் நிற மேற்பூச்சு உரிந்து அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது; கிராங்கின் மேல் நகத்தை வைத்து இழுத்தால் கோடுகளில் நகம் தட்டுப்பட்டது. அந்தக் கிராங்கை மறுபடியும் லேத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

டிறில் மெஷினால் பம்பைச் சுற்றலாம் என்று சிலரும், பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினாலே போதும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இந்த என்ஜினுக்கு எது பொருத்தம், ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது என்று அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.


மாங்குளம் கராஜ் எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. பொறுமையாக இந்த வேலையைச் செய்து முடிக்கும்வரை அந்தச் சாவியைத் திருப்ப வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

"பம்பு தானாக இழுக்கும்" என்பது ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குப் பொருந்தும். அதன் பம்புக்குள்ளும் பில்ரருக்குள்ளும் ஒயில் தங்கியிருக்கும். பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளியை அந்த ஒயிலே அடைத்து வைத்திருக்கும். காய்ந்த புதிய பம்பில் அந்த அடைப்பு இல்லை. தோட்டக் கிணற்றில் இறைக்கும் மெஷினுக்கு முதலில் தண்ணீர் ஊற்றாமல் இயக்கினால் அது காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும் அல்லவா, அதே நிலைதான் இதற்கும். பம்பு பிடித்த பிறகும், வெறுமையாக இருக்கும் பில்ரரை நிரப்பி, பிளாக்கில் உள்ள பிரதான ஒயில் வழியை நிரப்பி, மெயின் பியறிங்குகளுக்குப் போய், கிராங்குக்குள் துளைக்கப்பட்ட வழியாகப் பிக்-என்டுக்கும், காம் பியறிங் வழியாக மேலே வால்வுகளை அமுக்கும் றொக்கருக்கும் ஒயில் சென்று சேர வேண்டும். என்ஜின் எரிந்து ஓடத் தொடங்கினால் அந்த முதற் சில விநாடிகளிலேயே எரிதலின் முழு விசையும் பிஸ்ரன் வழியாகப் பிக்-என்டின் மேல் விழும். அப்போது அங்கே ஒயில் படலம் இருக்க வேண்டும். வான்காரருக்கு நடந்தது அது இல்லாததனால்தான்.

உங்கள் என்ஜினில் ஒரு வசதி இருக்கிறது. கே வகை என்ஜினில் ஒயில் பம்பைச் சுற்றுவது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் அடி முனை. டிஸ்ரிபியூற்றரைத் தூக்கி எடுத்துவிட்டால், அந்தத் துவாரத்தின் அடியில் பம்புத் தண்டின் தலையும் அதிலுள்ள வெட்டும் தெரியும். டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்த வெட்டுக்குள் பொருந்தக்கூடிய தட்டை முனையுள்ள நீளமான ஸ்குறூ டிறைவர் ஒன்றின் கைப்பிடியை நீக்கி, தண்டை டிறில் மெஷினில் பூட்டினால் உங்களுக்கு வேண்டிய கருவி தயார். கிராங் அசையாமல் நிற்கும்போதே பம்பு மட்டும் சுற்றும். எந்தப் பியறிங்கும் உலர்ந்து உரசுவதில்லை. ஸ்டார்ட்டரால் சுற்றும்போது கிராங் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றுத்தான் சுற்றும், டிஸ்ரிபியூற்றரும் பம்பும் அதில் பாதி வேகத்தில் சுற்றும். டிறில் மெஷினால் 400, 500 சுற்று கொடுப்பது எளிது. ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல், என்ஜின் ஓடும்போது பம்புக்குக் கிடைக்கும் வேகமும் ஏறத்தாழ இதுதான். ஆகவே உங்களுக்கு டிறில் வழியே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் கையேட்டில் சொல்லியுள்ள அளவு ஒயிலைச் சம்புக்குள் ஊற்றுங்கள். நம் வெப்பநிலைக்கு 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-40 போதும். புதிய பில்ரரைப் பூட்டுமுன் அதற்குள்ளும் ஒயில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது நடுத் துவாரத்தில் ஊற்றாமல், சுற்றிவர உள்ள சிறிய துவாரங்கள் வழியாக ஊற்றுங்கள். நடுத் துவாரம் வடிகட்டிய ஒயில் வெளியேறும் வழி. அங்கே ஊற்றினால் போத்தலில் இருந்த தூசும் நேராகப் பியறிங்குக்குப் போகும். பில்ரர் படுக்கையாகப் பூட்டப்படுவதால் முழுக்க நிரப்பினால் சிந்தும், காகிதம் ஊறும் அளவுக்கு ஊற்றினாலே நல்லது.

ஒயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிறஷர் கேஜைப் பூட்டுங்கள். விளக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அந்தச் சுவிட்ச் பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரையிலான சிறு அமுக்கத்திலேயே விளக்கை அணைத்துவிடும். றொக்கர் வரை ஒயில் ஏறியதற்கு அது சாட்சி அல்ல. கேஜ் இரவல் கேட்டாலும் எந்தக் கராஜிலும் தருவார்கள்.

இனி டிஸ்ரிபியூற்றர். கழற்றுவதற்கு முன் முதலாம் சிலிண்டரைக் கம்பிறெஷன் மேல்முனைக்கு (பிஸ்ரன் காற்றை அமுக்கி உச்சிக்கு வந்து நிற்கும் நிலைக்கு) கொண்டுவந்து, டிஸ்ரிபியூற்றருக்குள் சுழலும் றோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும், அதன் உடல் பிளாக்கில் எங்கே பொருந்தி நின்றது என்பதையும் பெயின்ற் கோடிட்டு அடையாளப்படுத்துங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. கிராங்கை அதன் ஓட்டத் திசையில் சிறிது திருப்பினால் றோட்டர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியும். டிறில் மெஷினும் அதே பக்கமே சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் எவ்வளவு நேரம் சுற்றினாலும் கேஜ் முள் அசையாது, பம்பு பழுது என்று எண்ணிச் சம்பைக் கழற்றப் போய்விடுவீர்கள்.

மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள். முதலில் டிறில் பாரமில்லாமல் இலேசாகச் சுழலும், சத்தமும் கீச்சென்று இருக்கும். ஒயில் பம்புக்குள் பிடித்த அந்தக் கணத்தில் மெஷினின் சத்தம் தாழும், மணிக்கட்டில் ஒரு முறுக்கு விழும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பின் கேஜ் முள் எழும்பும். குளிர்ந்த தடித்த ஒயிலில் 40 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுவது வழக்கம். அரை நிமிடத்துக்கு மேல் சுற்றியும் பாரம் விழவில்லை என்றால் நிறுத்திவிட்டு, திசை சரியா, ஸ்குறூ டிறைவர் வெட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால், பம்புக்கு ஒயில் இழுக்கும் குழாயின் இணைப்பில் காற்று புகுகிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

றொக்கர் கவரைத் திறந்து வையுங்கள். இந்த வேலையில் மிகவும் முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். றொக்கரைத் தள்ளுதண்டால் (புஷ் றொட்) இயக்கும் இத்தகைய பல என்ஜின்களில் மேலே ஒயில் போகும் வழி காம் சாஃப்டின் ஒரு துவாரத்தின் ஊடாகத்தான் திறந்து மூடுகிறது. காம் நிற்கும் நிலை ஒத்துவந்தால் மட்டுமே ஒயில் மேலே ஏறும். ஆகவே ஒருவர் டிறிலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர் பிளக்குகள் கழற்றப்பட்ட நிலையில் கிராங் புலியின் நட்டைப் பிடித்துக் கால் சுற்று, கால் சுற்றாக, ஓட்டத் திசையில் திருப்பிக்கொண்டே வர வேண்டும். கிராங் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் காம் ஒரு சுற்றை முடிக்கும். அதற்குள் எல்லா றொக்கரிலும் ஒயில் கசிந்து வடிவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். எட்டு றொக்கரும் நனைந்தாலன்றி டிறிலை வைத்துவிட வேண்டாம். ஏதாவது ஒன்று உலர்ந்தே நின்றால் றொக்கர் தண்டின் துவாரம் அடைபட்டிருக்கிறதா, தண்டு தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். என்ஜின் ஓடிய பிறகு தெரிந்தால் செலவு.

முடிந்ததும் கிராங்கை முதலாம் சிலிண்டர் கம்பிறெஷன் மேல்முனைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். டிறில் சுற்றியதால் பம்புத் தண்டின் வெட்டு எங்கோ ஒரு திசையில் நிற்கும். அதே ஸ்குறூ டிறைவரால் அதைத் திருப்பி, டிஸ்ரிபியூற்றரின் அடி முனை பொருந்தும் நிலைக்கு வைத்து இறக்குங்கள். டிஸ்ரிபியூற்றர் முழுமையாக இருக்கையில் அமராவிட்டால் போல்ட்டை இறுக்கி அமர்த்தப் பார்க்கக் கூடாது. வெட்டு ஒத்துவரவில்லை என்பதே அதன் பொருள். மறுபடி தூக்கிச் சிறிது திருப்பி இறக்கினால் தானாகவே அமரும்.


வட்டக்கச்சி எழுதியது:

மாங்குளம் கராஜ் அவர்கள் எழுதியது முழுவதும் சரியானது. டிறிலால் சுற்ற முடியாத என்ஜின் வைத்திருப்பவர்களும் இத்திரியைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மொறிஸ் மைனரில் ஒயில் பம்பைச் சுற்றுவது காம் சாஃப்டின் பின் முனை. அதை டிறிலால் எட்டவே முடியாது. இன்று ஓடும் பெரும்பாலான சிறிய யப்பானியக் கார்களில் பம்பு கிராங்கின் முன் முனையிலேயே இருக்கிறது; அதற்கும் இந்த வழி இல்லை. இவற்றுக்குப் பம்பைப் பூட்டும்போதே பற்சக்கரங்களுக்கு இடையில் வஸ்லீன் அடைத்துப் பூட்டுவதுதான் நல்ல பழக்கம். அது இடைவெளியை அடைத்து முதல் சுற்றிலேயே பம்பு இழுக்கச் செய்யும், பின்னர் சூடேறும்போது ஒயிலில் உருகிக் கலந்துவிடும். சில்லுக்குப் போடும் கிறீஸை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அது கரையாமல் கட்டியாகவே நகர்ந்து மெல்லிய ஒயில் வழிகளை அடைத்துவிடக்கூடும்.

பம்பு ஏற்கனவே பூட்டப்பட்டுவிட்டது என்றால் ஒயிலை வெளியிலிருந்து அமுக்கிக் கொடுக்கலாம். ஒயில் விளக்குச் சுவிட்சைக் கழற்றிய துவாரம் பிரதான ஒயில் வழிக்கே நேராகப் போகிறது. நம் பகுதியில் வீட்டுக்கு வீடு பயிருக்கு மருந்தடிக்கும் டாங்கி இருக்கிறது. அதில் கையால் காற்றடித்து அமுக்கம் ஏற்றும் சிறிய வகையைப் புதிதாக வாங்கி, அதன் குழாயைப் பொருத்தமான நிப்பிள் ஒன்றால் அந்தத் துவாரத்தில் இணைத்து, ஒரு லீற்றர் ஒயிலை உள்ளே செலுத்தலாம். புதிதாக வாங்கி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மருந்தடித்த டாங்கியை எவ்வளவு கழுவினாலும் அதில் மருந்தின் மிச்சமும் நீரும் இருக்கும், இந்த வழியில் போகும் ஒயில் பில்ரரைக் கடந்து போவதில்லை. தடித்த ஒயில் குழாயில் மெதுவாகவே நகரும். போத்தலைச் சுடுநீர் வாளிக்குள் சிறிது நேரம் வைத்து எடுத்தால் இலகுவாக ஓடும். செலுத்தும்போது இங்கும் கிராங்கைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40 இலும் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காதபடியால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தக் கார்களைக் கைப்பிடியாலேயே சுற்றி இயக்கினோம். அப்போது செய்து பூட்டிய என்ஜினுக்கு, நான்கு பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பேர் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். றொக்கரில் ஒயில் தெரியும் வரை பிளக்கைத் திரும்பப் பூட்ட எங்கள் முதலாளி விடமாட்டார். பிளக் இல்லாதபோது கம்பிறெஷன் இல்லை, பியறிங்கின் மேல் பாரமும் இல்லை. மெதுவாகச் சுற்றினாலும் தேய்மானம் மிகக் குறைவு.

அந்தக் காலத்து அனுபவத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோல் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய என்ஜின்களில், எரியாத மண்ணெண்ணெய் றிங்கைக் கடந்து சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது. அளவுக்கோலில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும், பியறிங்குகள் விரைவில் தட்டத் தொடங்கும். 2002 இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகு செய்த பல என்ஜின்களைக் கழற்றியபோது, ஒயில் வழிகளுக்குள் கருஞ்சேறு படிந்து கிடந்தது. பிளாக்கில் உள்ள ஒயில் வழி அடைப்பான்களைக் கழற்றிக் கம்பித் தூரிகை போட்டுக் கழுவாமல் லேத்திலிருந்து வந்தபடியே பூட்டியிருந்தால், நீங்கள் ஏற்றும் ஒயில் அந்தச் சேற்றையும் கடைசல் தூளையும் புதிய பியறிங்குக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். தம்பியின் கார் தகப்பனார் காலத்துக் கார் என்பதால் கேட்கிறேன்: அது செய்யப்பட்டதா?


பரந்தன் சந்தி எழுதியது:

மிக்க நன்றி மாங்குளம் அண்ணை, நன்றி வட்டக்கச்சி ஐயா. அடைப்பான்களைக் கழற்றி மண்ணெண்ணெயும் தூரிகையும் போட்டுக் கழுவி, காற்றடித்த பிறகே பூட்டினோம். சிலிண்டர்களை மட்டும் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறுப்புப் படியாத வரை கழுவ வேண்டும் என்று லேத்காரர் சொன்னார், அவ்வாறே செய்தோம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. சிலிண்டருக்குள்ளும் ஒயில் விட வேண்டுமா? டிறிலால் ஏற்றிய பிறகு ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்ப்பது அவசியமா, அல்லது நேராகவே ஸ்டார்ட் செய்யலாமா?


மாங்குளம் கராஜ் எழுதியது:

லேத்காரர் சொன்னது பொன்னான சொல். சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து ஹோன் செய்த துகள் மண்ணெண்ணெயில் முழுமையாகப் போகாது, சவர்க்கார நீரில்தான் போகும்.

மாதக்கணக்கில் நின்ற என்ஜின் என்பதால் பிளக் துவாரம் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒயில் அமுங்காது, கூடுதலாக விட்டுவிட்டுப் பிளக்கைப் பூட்டிச் சுற்றினால் கனெக்றிங் றொட் வளையும் அளவுக்கு இடிக்கும்.

டிறிலால் ஏற்றிய பிறகும் பிளக் இல்லாமல் ஒரு முறை ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்ப்பது நல்லது. இக்னிஷன் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, 10 விநாடி சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி சுற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டரைத் தொடர்ச்சியாகச் சுற்றினால் அது கருகும். உங்கள் காரில் பெற்றோல் பம்பும் காம் சாஃப்டால் இயங்குவதால் சுற்றும்போது பெற்றோலும் ஏறும். அது சிலிண்டருக்குள் போய்ச் சுவரில் பூசியிருக்கும் ஒயிலைக் கழுவிவிடும், பிளக் துவாரத்தால் வெளிவரும் ஆவி தீப்பற்றவும் கூடும். ஆகவே பெற்றோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கபரேற்றர் வெறுமையாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். கேஜ் முள் ஸ்டார்ட்டர் வேகத்திலும் எழும்பி நிற்குமானால் பம்பும் டிஸ்ரிபியூற்றரும் சரியாகப் பொருந்திவிட்டன என்று பொருள். பிறகு கபரேற்றர் கிண்ணத்தைக் கையால் நிரப்பி வைத்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஸ்டார்ட் ஆக வைப்பதில் பயனில்லை. தொட்டவுடன் பிடிக்க வேண்டும். அதற்குப் பற்றரி நிறைவாகவும் இக்னிஷன் நேரம் சரியாகவும் இருக்க வேண்டும்.


துணுக்காய் உழவன் எழுதியது:

உழவு இயந்திரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மசி பேர்கசன் 135, 240 போன்றவற்றில் உள்ள மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் என்ஜினில் கழற்றுவதற்குப் பிளக் இல்லை. ஆனால் நிறுத்தும் நொப்பை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் சுற்றினால் டீசல் போகாது, என்ஜினும் பிடிக்காது. ஒயில் கேஜ் எழும்பும்வரை இடைவெளி விட்டு அவ்வாறு சுற்றிவிட்டு, அதன் பின்னரே நொப்பை விட வேண்டும். இன்ஜெக்ற்றர்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினால் பாரம் இன்னும் குறையும். டீசல் வான்களில் நிறுத்தும் நொப் இருக்காது. டீசல் பம்பின் மேலுள்ள சொலனொயிட்டின் வயரைக் கழற்றினால் அதே வேலை நடக்கும். டேர்போ உள்ள என்ஜினாக இருந்தால் அதன் ஒயில் உள்வாய்க் குழாயைக் கழற்றி, அங்கேயும் ஒயில் விட்டு, டேர்போவைக் கையால் சில சுற்றுத் திருப்ப மறக்க வேண்டாம். அதன் தண்டு என்ஜினை விடப் பல மடங்கு வேகத்தில் சுழல்வது, உலர்ந்து சுழல்வதை அது தாங்காது.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசு எங்கும் போய்ப் படியும். றொக்கர் கவரைத் திறந்து வைத்து ஒயில் ஏற்றும் வேலையை அதிகாலையில், காற்று எழும்புமுன் முடித்துவிடுங்கள். திறந்த துவாரம் ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.


பரந்தன் சந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செய்து முடித்தோம்.

முதலில் டிறில் பாரமின்றியே சுழன்றது, கேஜ் அசையவில்லை. திசையைச் சரிபார்த்தோம், சரியாகவே இருந்தது. ஸ்குறூ டிறைவரின் முனை பம்புத் தண்டின் வெட்டை விட ஒடுக்கமாக இருந்ததால் அது வெட்டுக்குள் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. அகலமான முனையுள்ள ஒன்றைத் தேய்த்துப் பொருத்திய பின், அண்ணை எழுதியவாறே சத்தம் தாழ்ந்து கையில் முறுக்கு விழுந்தது, முள் 50 பிஎஸ்ஐ வரை ஏறியது. தம்பி கிராங்கைத் திருப்பினான். முதலில் முன்பக்க றொக்கர்கள் நனைந்தன. பின்பக்கத்தில் கடைசி இரண்டும் நெடுநேரம் உலர்ந்தே நின்று, கிராங் இரண்டாவது சுற்றில் அரைவாசியைத் தாண்டியபோது முதலில் குமிழி குமிழியாகக் காற்றும், பிறகு ஒயிலும் வந்தன. டிஸ்ரிபியூற்றர் ஒரே தடவையில் அமரவில்லை. வெட்டைச் சிறிது திருப்பியதும் அமர்ந்தது.

நாளை ஸ்டார்ட் செய்ய இருக்கிறோம். முதல் ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? 2000 சுற்றில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், ஐடிலில் விட வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார்.


மாங்குளம் கராஜ் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி தம்பி. கடைசி றொக்கர் நனையும் வரை பொறுத்திருந்தீர்களே, அது பெரிய காரியம்.

20 நிமிடம் 2000 சுற்றில் ஓடவிடுவது புதிய காம் சாஃப்டும் புதிய டப்பெற்றும் போட்ட என்ஜினுக்கு உரிய முறை. காம் முனைகளுக்குக் கிராங் சுழன்று தெறிக்கும் ஒயிலே பெரும்பாலும் கிடைப்பதால், புதிய முகங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை ஐடிலில் விடக் கூடாது. உங்களுடையவை பழையவை, இருந்த இடத்திலேயே பூட்டப்பட்டவை. ஆகையால் அது கட்டாயமில்லை. ஆனால் நெடுநேரம் ஐடிலில் விடுவதும் உங்களுக்கு நல்லதல்ல, ஏனெனில் புதிய றிங்குகள் பாரத்தில் ஓடினால்தான் சிலிண்டர் சுவரோடு படிந்து அமரும்.

கேஜை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்தவுடன் முள் எழும்ப வேண்டும். ஐந்து விநாடிக்குள் எழும்பாவிட்டால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் உடனே அணைத்துவிடுங்கள். எழும்பினால் 1500 சுற்றளவில் வைத்து, ஒயிலோ தண்ணீரோ எங்காவது கசிகிறதா என்று ஒருவர் சுற்றிவரப் பார்க்கட்டும். சில கே வகை என்ஜின்களில் டப்பெற் ஒயிலால் நிரம்பி இயங்கும் வகை. உங்களுடையது அவ்வகையானால் முதல் சில நிமிடங்கள் மேலே தட்டும் சத்தம் கேட்கலாம், காற்று வெளியேறியதும் நின்றுவிடும். அடியிலிருந்து வரும் ஆழமான தட்டல் வேறு. அதைக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் சூடேறி, மேல் ரேடியேற்றர் குழாயும் சூடானதைக் கையால் உணர்ந்த பிறகு, பாதையில் இறக்கி மூன்றாம் கியரில் மிதமாக வேகம் ஏற்றியும், காலை எடுத்து இறங்கவிட்டும் மாறி மாறி ஓட்டுங்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பாதையில் சன நெரிசல் இல்லாத காலை வேளை அதற்கு ஏற்றது. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டுவதையும், பாரம் ஏற்றுவதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் ஒயிலை 500 கிலோமீற்றரில் பில்ரரோடு மாற்றுங்கள். கழற்றிய பில்ரரை எறிந்துவிடாமல் தகரத்தை வெட்டித் திறந்து, காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி றிங் படிந்ததனால் வருவது, அதில் பயப்பட ஒன்றுமில்லை. செம்பு நிறத்திலோ, விரலில் தட்டுப்படும் அளவிலோ துணுக்குகள் இருந்தால் காரை ஓட்டாமல் படம் எடுத்து இங்கே போடுங்கள்.